ஒரு காதும் இரண்டு காதும்

ஒன்றைவிட இரண்டு பெரியது என்பது கணக்கில் சரி. கலையிலும் அதுதான் சட்டம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் பூசினால் படம் உயர்ந்துவிடும். சிறுகதையை இழுத்து நாவலாக்கினால் கதை பெரிதாகிவிடும். ஒரே வழியாக வந்துகொண்டிருந்த பாட்டை இரண்டு வழியாக வரவழைத்துவிட்டால் பாட்டு இரண்டு மடங்கு இனித்துவிடும். இப்படி ஒரு நம்பிக்கை படித்தவர்கள் நடுவிலேயே உலவுகிறது. முதல் இரண்டையும் வேறொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

சாட்சிக்கு ஓர் அமெரிக்க இசைத்தட்டை அழைக்கிறேன். 'பெட் சவுண்ட்ஸ்' என்பது அதன் பெயர். 1966ஆம் வருஷம் மே மாதம் 16ஆம் தேதி காபிடல் கம்பெனியார் அதை வெளியிட்டார்கள். பாடியவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த 'பீச் பாய்ஸ்' கோஷ்டியார். கோஷ்டி என்று பெயரே தவிர, பாதிக்கு மேல் ஒரே குடும்பம்: பிரையன், டென்னிஸ், கார்ல் என்ற மூன்று வில்சன் சகோதரர்கள், அவர்களுடைய அத்தை பிள்ளை மைக் லவ், பிரையனோடு பள்ளியில் படித்த ஆல் ஜார்டின், முந்திய வருஷம்தான் வந்து சேர்ந்த புரூஸ் ஜான்ஸ்டன். கடற்கரை, அலைச்சறுக்கு, மோட்டார் கார் என்று பாடிக் காசும் பெயரும் சம்பாதித்தவர்கள். மூத்தவரான பிரையன், 1964 கடைசியில் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை விட்டுவிட்டு, இருந்த இடத்தில் இருந்துகொண்டு பாட்டு அமைப்பதையே தொழிலாகக் கொண்டார். மற்றவர்கள் கச்சேரிக்காக வெளிதேசம் போயிருந்த சமயத்தில், விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த டோனி ஆஷர் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இந்தத் தட்டில் உள்ள பாட்டுகளில் பெரும்பாலானவற்றை உருவாக்கினார். தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 23.

மொத்தம் 13 உருப்படிகள். ஏறக்குறைய 36 நிமிஷம். இளம் பிராயத்தைத் தாண்டப்போகிற ஒரு பையனின் ஆசையும் அச்சமுமே விஷயம். தத்துவம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் நான் கேட்ட மேல்நாட்டுத் தட்டுகளில் மனிதக் குரலை இத்தனை பரிவோடு கையாண்டது வேறொன்று இல்லை என்று துணிந்து சொல்வேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் 2004ஆம் வருஷம் இதைத் தங்கள் தேசிய ஒலிப்பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த முத்திரையைக் காட்டி உங்களை மிரட்ட எனக்கு உத்தேசம் இல்லை. காது இருக்கிறது, அது போதும்.

இந்தத் தட்டு மோனோவில் பிறந்தது. மோனோ என்றால், எல்லா வாத்தியங்களும் எல்லாக் குரல்களும் ஒரே ஓடையாகக் கலந்து வருவது. ஸ்பீக்கர் ஒன்று இருந்தாலும் ஒன்பது இருந்தாலும் அத்தனையிலும் வருவது அதே சங்கதிதான். ஸ்டீரியோவில் இடம், வலம் என்று இரண்டு ஓடைகள். இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, நம் மூளை கண்ணுக்குத் தெரியாத ஓர் அரங்கத்தைக் கட்டிவிடுகிறது: பிடில் இந்தப் பக்கம், தாளவாத்தியம் அந்தப் பக்கம், பாடுகிறவர் நட்ட நடுவில். ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியல் நிபுணர் 1931ஆம் வருஷமே இந்த வித்தைக்கு உரிமை கேட்டு மனுச் செய்துவிட்டார். நல்ல வித்தை. அதைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. ஆனால் அது கடைக்கு வந்த கதையைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

1958 வாக்கில் ஸ்டீரியோத் தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தன. அதன் பிறகு பத்து வருஷ காலம், ஒரே தட்டு மோனோ ஒன்றும் ஸ்டீரியோ ஒன்றுமாக இரண்டு உருவத்தில் கடையில் இருந்தது. அமெரிக்காவில் ஸ்டீரியோவுக்கு ஏறக்குறைய ஒரு டாலர் கூடுதல் விலை. அந்தக் காலத்தில் ஒரு டாலர் என்பது அலட்சியம் பண்ணக்கூடிய தொகை அன்று. ஆகவே, இரண்டு ஒன்றைவிட உயர்ந்தது என்ற உபதேசத்தை ஜனங்களுக்கு முதலில் செய்தது காது அல்ல, விலைச்சீட்டு.

அந்த உபதேசம் எவ்வளவு தூரம் போயிற்று என்று பாருங்கள். பிரையன் வில்சன் கம்பெனியாரிடம் கொடுத்தது மோனோ ஒன்றுதான். கம்பெனியாரோ 1966லேயே அதற்கு 'டியோஃபோனிக்' என்ற ஓர் உருவத்தையும் தயார் செய்து கடையில் வைத்துவிட்டார்கள். செய்முறை மிகவும் சுலபம். மோனோவை இரண்டு பிரதி எடுப்பது. ஒன்றில் கனத்த ஒலிகளையும் மற்றொன்றில் கூர்மையான ஒலிகளையும் மட்டுப்படுத்துவது. ஒரு பிரதியை மற்றதற்கு நொடியின் ஒரு துணுக்கு பின்னால் ஓட விடுவது. ஆயிற்று, ஸ்டீரியோ! ஒரு செம்புப் பாலில் ஒரு செம்புத் தண்ணீரை விட்டு இரண்டு செம்பாகப் பிரித்து வைத்தால், இரண்டு செம்பு பால் என்று சொல்லி விற்கலாம் அல்லவா? அந்த நியாயந்தான். உறையின் மேல் 'ஸ்டீரியோ' என்ற எழுத்தைப் பார்த்துக் கூடக் காசு கொடுத்தவனுக்குக் கிடைத்தது நீர்த்த பால்.

இந்தப் போலியை இன்று யாரும் ஆதரிக்கவில்லை. அதனால் அதை அடிப்பது செத்த பாம்பை அடிப்பது. என் வழக்கு அதற்கப்புறம் வந்த நேர்மையான ஸ்டீரியோவோடுதான். அதை முதலில் மனமாரப் பாராட்டிவிட்டே வழக்கைத் தொடங்க வேண்டும்.

வில்சன் வேலை செய்த முறை இது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவு நிலையங்களில், அனுபவம் மிகுந்த வாத்தியக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சில சமயம் அதற்கும் மேலாக, ஒரே அறையில் உட்கார வைத்து, ஒரே சமயத்தில் வாசிக்கச் சொல்வார். மூன்று தடமோ நான்கு தடமோ உள்ள ஒலிநாடாவில் அது பதிவாகும். பிறகு அத்தனை வாத்தியத்தையும் சுருக்கி, வேறொரு நாடாவில் ஒரே ஒரு தடமாக மாற்றுவார். மிஞ்சிய தடங்கள் எல்லாம் குரலுக்கு. குரலின் மேல் குரலாக அடுக்கி முடித்து, கடைசியில் எல்லாவற்றையும் கலந்து ஒரே மோனோ ஓடையாக்குவார். அந்தக் கடைசிக் கலவைதான் தட்டு.

முப்பது வருஷம் கழித்து, மார்க் லினெட் என்ற ஒலிப்பதிவாளர் இந்தப் பழைய நாடாக்களை எடுத்து வைத்துக்கொண்டார். வாத்தியங்கள் தனித்தனியாக உள்ள முதல் நாடாவையும், குரல்கள் உள்ள இரண்டாவது நாடாவையும், நவீன இயந்திரங்களின் உதவியால் ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் ஓட வைத்தார். பெட் சவுண்ட்ஸுக்கு முதன்முதலாக ஓர் உண்மையான ஸ்டீரியோ கிடைத்தது. 1997ஆம் வருஷம் அது வெளிவந்தது. பொறுமையும் பக்தியும் இல்லாதவரால் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. லினெட்டின் கைத்திறனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய வேலையை வைத்துக்கொண்டு, "இதோ, இப்போதுதான் தட்டு முழுமை பெற்றது!" என்று கூத்தாடுகிறார்களே, அவர்களைத்தான் கூண்டில் ஏற்றுகிறேன்.

இந்தக் கட்சியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நல்ல ரசிகர், சங்கீதத்துக்காகச் செலவு செய்ய அஞ்சாதவர். அவர் சொல்கிறார்: "மோனோவில் எல்லாம் ஒரே குழப்பம் ஐயா. ஸ்டீரியோவில் கேளுங்கள், அக்கார்டியன் எது, ஆர்கன் எது, புல்லாங்குழல் எது என்று விரல் விட்டு எண்ணலாம்."

எண்ணலாம், வாஸ்தவம். ஏன் எண்ண முடிகிறது என்பதற்குச் சாஸ்திரமும் உண்டு. ஒரே திசையிலிருந்து வரும் இரண்டு ஒலிகளில் ஒன்று மற்றொன்றை மறைக்கும். வேறு வேறு திசையிலிருந்து வந்தால் அந்த மறைப்புக் குறைந்து, காது இரண்டையும் பிரித்துக்கொள்ளும். கல்யாண வீட்டுச் சந்தடியிலும் பக்கத்தில் இருப்பவர் பேச்சு நமக்குப் புரிவது இதனால்தான். ஆகவே ஸ்டீரியோவில் தெளிவு கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. எண்ணச் சொன்னது யார்?

வில்சனின் வித்தையே, எண்ண முடியாமல் செய்வதில் இருக்கிறது. ஒரு பாட்டில் எலெக்ட்ரிக் பாஸ் கித்தார் ஒன்று, மரத்தாலான பெரிய டபிள் பாஸ் ஒன்று, இரண்டையும் சேர்ந்தே வாசிக்கச் சொல்வார். ஒன்றுக்குக் கூர்மை, மற்றதற்குக் கனம். இரண்டும் கூடும்போது, உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத மூன்றாவது வாத்தியம் ஒன்று பிறக்கும். 'காட் ஒன்லி நோஸ்' என்ற பாட்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஹார்னோடு அக்கார்டியனும் விசைப்பலகை வாத்தியங்களும் இழைகின்றன. அங்கே நம்மைத் தொடுவது ஹார்னும் அல்ல, அக்கார்டியனும் அல்ல. இரண்டும் கரைந்து உண்டான ஒரு நிறம். பெயரில்லாத நிறம். ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளரிடமிருந்து வில்சன் கற்றுக்கொண்ட பாடம் இது. ஸ்பெக்டரும் ஒரே அறையில் வாத்தியக்காரர்களை நெருக்கி உட்கார வைத்து, ஒலிகளைச் சுவர் எழுப்புவது போல் அடுக்கியவர்.

நல்ல ரசம் ஒன்றை உங்கள் முன்னால் வைக்கிறார்கள். புளி, மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம் எல்லாம் அதில் இருக்கின்றன. சாப்பிட்டவன் "ரசம் பிரமாதம்" என்பானே ஒழிய, "பெருங்காயம் இடது பக்கத்தில் இருக்கிறது" என்று சொல்ல மாட்டான். ஒருவர் வந்து, அதைப் பக்குவமாகப் பிரித்து ஐந்து கிண்ணங்களில் வைத்து, "இப்போது ஒவ்வொன்றும் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, பாருங்கள்!" என்றால், அவருடைய சாமர்த்தியத்தை மெச்சுவோம். பிறகு ரசம் எங்கே என்று கேட்போம். நண்பரிடம் நான் கேட்பதும் அதுதான்.

வாத்தியத்தைவிடக் குரலில்தான் நஷ்டம் அதிகம். இந்தக் கோஷ்டியின் செல்வம் அவர்களுடைய கூட்டுக் குரல். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே வீட்டில் சேர்ந்து பாடிப் பழகியவர்கள் குரலில் ஓர் ஒற்றுமை இருக்கும். ஒரே மண்ணில் வனைந்த பானைகள் போல, தட்டினால் ஒரு ஜாதி நாதம் வரும். மோனோவில் அந்தக் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒரு தொண்டையிலிருந்து நாலைந்து ஸ்வரம் வருவது போன்ற பிரமை உண்டாகிறது. ஸ்டீரியோவில் அதே குரல்கள் இடத்திலிருந்து வலம் வரை வரிசையாக நின்று, குடும்பப் போட்டோவுக்கு முகம் காட்டுகின்றன. பெரியவர் இங்கே, சின்னவர் அங்கே, அத்தை பிள்ளை ஓரத்தில். எல்லாரையும் அடையாளம் தெரிகிறது. குடும்பந்தான் காணோம்.

இன்னொரு சங்கதி. ஸ்டீரியோ தரும் அரங்கத்தைச் சரியாக அனுபவிக்க வேண்டுமானால், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், முக்கோணத்தின் மூன்றாவது முனை போல அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சற்று நகர்ந்தால் அரங்கமும் சரிந்துவிடும். மோனோவுக்கு இந்த ஜபர்தஸ்து கிடையாது. சமையலறையில் நின்று கேட்டாலும், திண்ணையில் படுத்துக் கேட்டாலும், காரில் போய்க்கொண்டே கேட்டாலும், கலந்தவன் கலந்த அளவிலேயே பாட்டு வந்து சேரும். வில்சன் மோனோவை விரும்பியதற்கு இது ஒரு முக்கிய காரணம். தம்முடைய கலவையைக் கேட்பவனின் நாற்காலி மாற்றிவிடக் கூடாது என்று அவர் நினைத்தார். 1966இல் அமெரிக்க இளைஞர்கள் பாட்டுக் கேட்டதில் பெரும்பகுதி மோனோ ரேடியோவில்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இனி எதிர்க்கட்சியின் பிரம்மாஸ்திரத்துக்கு வருவோம். "பாவம், பிரையன் வில்சனுக்கு வலது காது கேட்காது. அதனால்தான் மோனோவில் கலந்தார். இரண்டு காதும் கேட்டிருந்தால் ஸ்டீரியோவில்தான் செய்திருப்பார். அவரால் முடியாததை நாம் செய்து கொடுக்கிறோம்." இந்த வாதம் எனக்கு உண்டாக்கும் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் இந்த வரிகளை எழுதுகிறேன்.

அவருக்குச் சிறு வயது முதலே வலது காது அனேகமாகக் கேட்காது என்பது உண்மை. ஸ்டீரியோவின் இடமும் வலமும் அவருக்கு நம்மைப் போல் வசப்படாது என்பதும் உண்மை. அதிலிருந்து இவர்கள் எடுக்கும் முடிவுதான் அக்கிரமம். ஸ்பெக்டருக்கு எந்தக் காது கேட்கவில்லை? இரண்டு காதும் நன்றாகக் கேட்ட அந்த மனிதர்தான் மோனோவுக்காகக் கொடி பிடித்தார். 1991இல் தம்முடைய பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, 'மோனோவுக்குத் திரும்புவோம்' என்ற பொருளிலேயே தொகுதிக்குப் பெயரும் வைத்தார். ஊனத்தால் வந்தது என்று இவர்கள் இரங்குகிற ஒன்று, வில்சன் போற்றிய ஆசான் தெரிந்தே பிடித்துக்கொண்ட வழி.

இந்த இரக்கத்தைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் அதன் விகாரம் தெரியும். பேத்தோவன் காது அடைத்துப்போன பிறகு எழுதிய ஒன்பதாம் சிம்பொனியை எடுத்து வைத்துக்கொண்டு, "பாவம், கேட்டிருந்தால் இந்த இடத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார்" என்று திருத்தக் கிளம்பினால் யாராவது சும்மா விடுவார்களா? ஒரு கலைஞனுக்கு உடம்பு ஒரு வாசலை அடைத்தது; அவன் திறந்திருந்த வாசல் வழியாகவே ஓர் ஊர்வலத்தை நடத்திக் காட்டிவிட்டான். ஊர்வலம் முடிந்து முப்பது வருஷம் கழித்து, அடைத்த வாசலை நாம் திறந்துவிட்டு, "இப்போதுதான் சரியாக நடந்தது" என்பது உதவியா? ஒரு காதால் அவர் கேட்டது, இரண்டு காது உள்ள எத்தனையோ பேர் கேளாதது. இரக்கப்பட வேண்டுமானால் நம்மைப் பார்த்து நாமே இரங்கிக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை மறைப்பது தர்மம் அல்ல. 1997இன் ஸ்டீரியோ, வில்சனின் சம்மதத்தோடு வந்தது. "ஆசிரியரே ஒப்புக்கொண்ட பிறகு நீர் யார்?" என்று கேட்பார்கள். நான் நாவல் எழுதுகிறவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிது அல்ல. இளமையில் எழுதிய கதையை ஐம்பது வயதில் திருத்திப் பதிப்பிக்கும் ஆசை எழுத்தாளர்களுக்கு வருவதுண்டு. பதிப்பாளர் கேட்டுத் தலையாட்டுவதும் உண்டு. திருத்திய கதைக்கு உரிமைக்காரர் அவரே. ஆனால் பழைய கதையை எழுதியவர் அந்த இளைஞர். அவர் கையெழுத்தை ஐம்பது வயதுக்காரரால்கூட அழிக்க முடியாது. தவிரவும், ஸ்டீரியோ வெளிவரட்டும் என்று சம்மதிப்பது ஒன்று; மோனோவை ஒதுக்கிவிட்டு இதைத் தட்டு என்று சொல்லுங்கள் என்பது வேறு. முதலாவதைத்தான் அவர் செய்தார்.

இரண்டும் ஒரே தட்டு அல்ல என்பதற்குக் காதால் கேட்டுச் சரிபார்க்கக்கூடிய அத்தாட்சிகள் உண்டு. 'ஹியர் டுடே' என்ற பாட்டின் நடுவில், வாத்தியங்கள் மாத்திரம் வாசிக்கும் இடத்தில், ஒலிப்பதிவு அறையில் யாரோ பேசிக்கொள்வது மோனோவில் மங்கலாகக் கேட்கும். கலக்கும்போது விட்டுப்போனது. ஸ்டீரியோவில் அதைச் சுத்தமாக நீக்கிவிட்டார்கள். 'உடன்ட் இட் பி நைஸ்' என்ற முதல் பாட்டில் விஷயம் இன்னும் தீவிரம். நடுப்பகுதியில் மோனோவில் பாடுவது மைக் லவ். 1997 ஸ்டீரியோவில் அந்த அடிகளைப் பாடுவது பிரையன். காரணம், லவின் குரல் அந்த இடத்துக்கு நாடாவில் தனியாகக் கிடைக்கவில்லை. பின்னால் வந்த பதிப்புகளில் அதைச் சரிக்கட்டினார்கள். சரிக்கட்டினார்கள் என்பதிலிருந்தே என்ன தெரிகிறது? எது சரி என்பதற்கு அளவுகோலாக மோனோவைத்தான் வைத்துக்கொண்டார்கள். மூலம் எது, பாடபேதம் எது என்பதை எதிர்க்கட்சியின் கையே தீர்ப்பெழுதிக் கொடுத்துவிட்டது.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த நம் பெரியவர்களுக்கு இந்த வேற்றுமை அத்துபடி. உ. வே. சாமிநாதையர் பாடபேதங்களைக் கண்ட இடத்தில் அடிக்குறிப்பாகக் கொடுத்தார். வேறு சுவடியில் தெளிவான சொல் இருக்கிறதே என்பதற்காக மூலத்தைக் கலைத்து எழுதிவிடவில்லை. உரையும் அப்படித்தான். பரிமேலழகர் உரையைப் படித்தால் குறளின் பொருள் விளங்குகிறது. அதற்காகக் குறளை எடுத்துவிட்டு உரையை மட்டும் மனப்பாடம் செய்கிறவர் உண்டா? லினெட்டின் ஸ்டீரியோவை நான் ஒரு சிறந்த உரையாக மதிக்கிறேன். மோனோவில் இழைந்து போயிருக்கும் ஒரு நயத்தை, "இது இப்படி உண்டாயிற்று" என்று பிரித்துக் காட்டுகிறது. மூலத்தைப் பத்துத் தடவை கேட்டவன் உரையைக் கேட்கட்டும், மிகவும் லாபம். உரையையே மூலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் கூடாது.

இவ்வளவு சொன்னதைக் கேட்டு, மோனோப் பக்தர்கள் எனக்கு மாலை போட வந்துவிட வேண்டாம். அந்த ஜாதியாரையும் நான் அறிவேன். முதல் பதிப்புத் தட்டுக்குக் குதிரை விலை கொடுத்து வாங்கி, கீறல் விழும் என்று கேட்காமலே பெட்டியில் பூட்டி வைக்கிறவர்கள் அவர்களில் உண்டு. மோனோ என்ற சொல்லில் ஒரு புனிதமும் இல்லை. என்னுடைய உரைகல் ஒன்றே ஒன்று: செய்தவன் எதைச் செய்தான்? பீட்டில்ஸ் கோஷ்டியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் அவர்கள் வெளியிட்ட 'சார்ஜெண்ட் பெப்பர்' தட்டை மோனோவில் கலக்கும்போது கூடவே இருந்து பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஸ்டீரியோக் கலவை அவர்கள் இல்லாமலே சீக்கிரமாக முடிந்தது. 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' என்ற பாட்டு மோனோவில் சற்று வேகமாக, உயர்ந்த சுருதியில் ஓடுகிறது. ஸ்டீரியோவில் மெதுவாக, தாழ்ந்து ஓடுகிறது. சுருதியே மாறிப்போன பிறகு இரண்டும் ஒன்று என்று எப்படிச் சொல்வது? அங்கே நான் மோனோக் கட்சி. அதே கோஷ்டியார் 1969இல் கொண்டுவந்த 'அபி ரோடு', ஸ்டீரியோவை நினைத்தே கலக்கப்பட்டது. அதை ஒருவர் மோனோவாக நசுக்கினால், அவருக்கு எதிராகவும் இதே வழக்கைத் தொடுப்பேன்.

"இத்தனை ஆவேசம் எதற்கு? பிடித்தவர்கள் பிடித்ததைக் கேட்டுவிட்டுப் போகட்டுமே" என்று சமாதானப் பிரியர்கள் சொல்லலாம். பிடித்ததைக் கேட்பதை யாரும் தடுக்கவில்லை. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. உறையோடு தட்டு வாங்கிய நாளில், மோனோ, ஸ்டீரியோ என்ற எழுத்தாவது கண்ணில் படும். இன்று பெயரைச் சொன்னவுடன் கைக்குள் இருக்கும் கருவி பாடத் தொடங்குகிறது. அது எந்த வருஷத்துக் கலவை, யார் கை வைத்தது என்று விசாரிக்கிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் ஆச்சரியம். 2023இல், 'டால்பி அட்மாஸ்' என்ற முறையில், கேட்பவனைச் சுற்றிலும் தலைக்கு மேலும் ஒலி வரும்படியாக, ஜைல்ஸ் மார்ட்டின் இதே தட்டுக்கு இன்னும் ஒரு கலவை செய்து கொடுத்திருக்கிறார். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பலவாயிற்று. கணக்குப் பிள்ளைகள் நியாயப்படி இப்போது இன்பம் பத்து மடங்கு ஆகியிருக்க வேண்டும். அதையும் உரை என்று சொல்லிக் கொடுத்தால் நானும் கேட்பேன். 'பெட் சவுண்ட்ஸ்' என்ற பெயரை மாத்திரம் ஒட்டி, இதுதான் அது என்று நீட்டினால், கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

பிரையன் வில்சன் 2025 ஜூன் 11ஆம் தேதி காலமாகிவிட்டார். இனி யார் புதுக் கலவை செய்தாலும், "இது உமக்குச் சம்மதமா?" என்று கேட்க ஆள் இல்லை. அதனால் நமக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது. வழி ஒன்றும் கடினமானது அல்ல; கம்பெனியாரே 1999இல் மோனோவையும் ஸ்டீரியோவையும் ஒரே குறுந்தட்டில் அடுத்தடுத்து வைத்து வெளியிட்டிருக்கிறார்கள். மூலம் முதலில், உரை பிறகு. எந்தப் பதிப்பாளரும், எந்த வியாபாரியும் அந்த ஒழுங்கைப் பின்பற்றலாம். மோனோவை மோனோ என்றும், பிற்காலத்துக் கலவையை இன்னார், இன்ன வருஷம் செய்த கலவை என்றும் ஒரு வரி அச்சிட்டால் கம்பெனி முழுகிவிடாது.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைவிடச் சுருக்கம். 'பெட் சவுண்ட்ஸ்' உங்களுக்குப் புதிதாக இருந்தால், முதலில் மோனோவைத் தேடி எடுத்துக் கேளுங்கள். எந்த வாத்தியம் எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள். அதைத் தேட முடியாமல் இருப்பதற்காகத்தான் அந்த 23 வயதுப் பையன் அத்தனை பாடுபட்டிருக்கிறான்.